ஓட்டை மேஸ்திரி கட்டிய அறுபதடிச் சுவர்

சிங்கப்பூரில் வேலி போட்டுப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். வேலிக்கு விரோதியாக இருந்துகொண்டே வேலி போட்டுப் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சிராங்கூன் ரோட்டில் யாருக்கும் தெரியாது. ஓட்டை மேஸ்திரி என்று சொன்னால் போதும், பால்காரரும் பூக்காரரும் போட்டி போட்டுக்கொண்டு திசை காட்டுவார்கள்.

தகரம், முள்கம்பி, பலகை, மூங்கில், செடி, சிமெண்ட் பிளாக்கு, எதைக் கொடுத்தாலும் அவர் வேலியாக்கிவிடுவார். நூல் பிடித்த மாதிரி நிற்கும். யானை வந்து முட்டினால் யானைக்குத்தான் தலை வலிக்கும். ஆனால் அந்த வேலியில் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். மறந்து விட்ட ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அளந்து, மட்டம் பார்த்து, ஓரங்களை வழவழவென்று பூசி, குழந்தைக்குக் காது குத்துகிற அக்கறையோடு வைத்த ஓட்டை.

"மேஸ்திரி, இதை அடைச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

"அடைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க. நான் திறக்கிற ஆளு."

அவ்வளவுதான். கரண்டியைத் தண்ணீரில் அலசிக் கழுவி, சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. முழங்கால் வரை தொளதொளவென்று ஒரு காக்கி அரைக்கால் சட்டை. தலையில் எந்தத் துரையோ எந்தக் காலத்திலோ தூக்கியெறிந்த தொப்பி. அதன் உச்சியிலும் ஓர் ஓட்டை. கையில் எப்போதும் காப்பி. அந்த நாளில் காப்பி வாங்கிக்கொண்டு போவதென்றால் காலிப் பால் டின்தான்; விளிம்பில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கொடுப்பார்கள். மேஸ்திரி அந்த டின்னையே தூக்குக்குண்டாகச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிடுவார். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்ப்பார். ஒரு மிடறு குடிப்பார். மறுபடியும் தொங்கவிடுவார்.

"குடிக்கக் குடிக்க குண்டு லேசாகுதே மேஸ்திரி, சுவரு கோணிக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குண்டுதான் லேசாகும் டீச்சரம்மா. பூமி லேசாகுமா?"

நான் அப்போது ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இருபத்திரண்டு வயது. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற வயது.

பால்காரருடைய மாடுகள் தொழுவத்திலிருந்து நழுவி, ரோட்டின் நடுவில் படுத்துக்கொண்டு பஸ்களுக்கு வழி விடாமல் அசை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போலீஸ்காரர் வந்து திட்டிவிட்டுப் போனார். பால்காரர் முள்கம்பிச் சுருள் வாங்கிக் கொடுத்து மேஸ்திரியை அழைத்தார். மேஸ்திரி முகம் சுளித்தார். "முள்கம்பி வேலியே இல்லண்ணே. அது மிரட்டல். பயந்தவன்தான் மிரட்டுவான்" என்று சொல்லிக்கொண்டே நாலு வரிசை கட்டி முடித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பால்காரருடைய மாடுகள் எல்லாம் கம்பி ஓரமாக வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முள்ளில் முதுகு சொறிந்துகொண்டிருந்தன. அவற்றின் முகத்தில் அப்படி ஒரு மோட்சம். அன்றைக்குக் கூடுதலாக ஒரு படி பால் கறந்ததாகப் பால்காரரே சொன்னார்.

ஓட்டை மட்டும் இல்லாமல் இருக்குமா? மூலையில் கன்றுக்குட்டியின் தலை உயரத்துக்கு ஒன்று விட்டிருந்தார். அதன் வழியாகத் தலையை நீட்டிய கன்றுக்குட்டி, பக்கத்துப் பூக்கடையில் தொங்கிய மல்லிகைச் சரத்தில் மூன்று முழத்தைத் தின்றுவிட்டது.

"கோயிலுக்குப் போக வேண்டிய பூவு மேஸ்திரி!" என்று பூக்காரர் அலறினார்.

"சாமிக்குப் போறது கன்னுக்குட்டிக்குப் போயிருக்கு. இதுல சாமி கோவிச்சுக்கும்னு நினைக்கிறீங்களா?" என்றார் மேஸ்திரி. பூக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்குள் கன்றுக்குட்டி நாலாவது முழத்தை ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. கழுத்துப் பட்டி இல்லாமல் காற்றுவாங்கக்கூட வெளியே வரமாட்டார். தம் வீட்டைச் சுற்றி ஊரில் உள்ளதுபோல் கிடுகு வேலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தென்னோலையைப் பின்னி, ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கமாகக் கட்டுகிற வேலி. தெருவில் போகிறவனுக்கு வீட்டுக்காரருடைய வேட்டி நுனிகூடத் தெரியாது. காத்தோங் பக்கம் போய் ஓலை கொண்டுவந்து, ஊறப்போட்டு, பின்னி, மூன்றே நாளில் கட்டி முடித்தார் மேஸ்திரி. பெரிய கிராணியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தார். கிணற்றடிப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"மேசன், உது என்ன ஓட்டை?"

"காத்துக்குங்க."

"காத்து ஆர் கேட்டது? வேலி எண்டால் மறைப்பு இருக்கோணும். உமக்கென்ன விசரே? நாளைக்கு நாய் வரும், நாளையிண்டைக்குக் கள்ளன் வருவான். அடையும் காணும்!"

மேஸ்திரி கரண்டியை அலசப் போனார். அப்போது உள்ளேயிருந்து கிராணியாருடைய மனைவியின் குரல் வந்தது. சிங்கப்பூர் வந்து பதினைந்து வருடத்தில் அந்த அம்மா உரக்கப் பேசி அன்றுதான் அக்கம்பக்கம் கேட்டதாம்.

"அதை அடைக்கக் கூடாது. எங்கட ஊரிலை பொட்டு இல்லாத வேலி எங்கை இருக்கு? பக்கத்து வீட்டு மனுசியோடை நான் எப்பிடிக் கதைக்கிறது? உங்கடை ஒப்பீஸ் பைலோடையே கதைக்கச் சொல்லுறியளோ?"

கிராணியார் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் ஊரில் பொட்டு என்று சொல்கிற அந்த ஓட்டை நிலைத்தது. அதன் வழியாக மாதக்கணக்கில் முருங்கைக்காயும் ரசப்பொடியும் ஊர் வம்பும் போய்வந்துகொண்டிருந்தன.

ஏன் இந்த ஓட்டைப் பித்து என்று எல்லோரும் அவரைக் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார். பால்காரரிடம், காற்றடித்தால் வேலி சாயாமல் இருக்க என்றார். கிராணியார் வீட்டு அம்மாவிடம், தன் கை தூங்கிப்போய்விட்டது என்றார். என்னிடம் சொன்னது வேறு. சிமெண்ட் குழைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்துல ஒரு சுவரு கட்டச் சொன்னான் டீச்சரம்மா. எட்டடி. கட்டினேன். அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. ராவும் பகலும் இருமல் சத்தம் மட்டும் கேக்கும். ஒருநாள் அதுவும் நின்னு போச்சு."

உண்மையா, என்னைக் கேள்வி கேட்காமல் அனுப்பச் சொன்ன கதையா, தெரியாது.

இனி அறுபதடிச் சுவரின் கதை.

ரோச்சோர் கால்வாய்க்குப் பக்கத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். சந்தின் முன்பக்கம் வீட்டுக்கார முதலாளியின் பெரிய வீடு, அதன் முற்றம். முற்றத்தின் பின்கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கும் பின்னால், கட்டைக்கால்மேல் தூக்கி நிறுத்திய பலகை வீடுகள், ஒரே வரிசையாக எட்டுக் கதவு. அதில் ஒரு கதவு எங்களுடையது. எட்டு வீட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான். விடியலில் பத்தடி நடந்து குடத்தை வைத்தால் நிறையும்.

முதலாளி மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். ஒருநாள் வெண்ணெய் நிறத்தில் ஒரு கார் வாங்கிவந்து முற்றத்தில் நிறுத்தினார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை. மூன்றாம் நாள் அதன் கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"யாரு குடம் இது? எவ குடம்?" என்று முற்றம் அதிரக் கத்தினார்.

எங்கள் வரிசையின் தலைவி செல்லம்மாக்கா. சலவைக் கல்லைத் தனியாளாகத் தூக்குகிறவர். "எட்டுக் குடம் போகுது, எட்டுக் குடம் வருது. எந்தக் குடம்னு குடத்தைத்தான் கேக்கணும் முதலாளி. காரை வழியில நிறுத்தினா வழி என்ன பண்ணும்?" என்றார்.

முதலாளிக்கு முகம் மிளகாய் மூட்டையானது. குழாய்க்கு இந்தப் பக்கமாக, முற்றத்தையும் எங்கள் வரிசையையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்போவதாக அன்றே சொல்லிவிட்டார். சுவர் வந்தால் எங்களுக்குக் குழாய் இல்லை. கால்வாய் ஓரமாகச் சுற்றிக்கொண்டு, அடுத்த சந்தின் பொதுக்குழாய்க்குக் கால் மைல் நடக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். ஊரெங்கும் வேலைநிறுத்தமும் ஊர்வலமுமாக இருந்த காலம். பஸ் ஓட்டுகிறவர்கள் கொடி பிடித்தார்கள், துறைமுகத்தில் கொடி பிடித்தார்கள். நாங்கள் குடம் பிடித்தோம். முதலாளி வாசலில் எட்டுப் பெண்களும் காலிக் குடங்களோடு ஒரு காலை முழுக்க நின்றோம். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சுவர் கட்ட அவர் கூப்பிட்டது ஓட்டை மேஸ்திரியை. மற்றவர்களைவிட மேஸ்திரியின் வேலை உறுதி என்பது அவருக்கும் தெரியும்.

மேஸ்திரி முதலில் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தார். "மூங்கில் போடுறேன் முதலாளி. மூங்கில் மரியாதை தெரிஞ்சது, காத்து வந்தா குனியும்."

"வேணாம்."

"பலகை? செம்பருத்தி? செம்பருத்தின்னா பூவும் ஆச்சு, வேலியும் ஆச்சு."

"பூ பறிக்க வர்ற சாக்குல குடத்தோட வருவாளுங்க. வேணாம்."

"தகரம்? தகரம் வாயாடிதான். ஆனா பூனை சாஞ்சாலும் உங்களுக்குச் சொல்லிரும்லா."

"பிளாக்கு! பிளாக்குச் சுவரு! வேற பேச்சு வேணாம்!"

"பிளாக்குச் சுவரு செவிடு முதலாளி. இந்தப் பக்கம் என்ன கத்தினாலும் அந்தப் பக்கம் கேக்காது."

"அதுக்குத்தான்யா கேக்குறேன்!"

மேஸ்திரி ஒப்புக்கொண்டுவிட்டார். செய்தி வந்ததும் எங்கள் வரிசையே கொதித்தது. செல்லம்மாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மறித்தார்.

"நீங்களா மேஸ்திரி கட்டப்போறீங்க? உங்களுக்கு மனசு வருதா?"

"நான் கட்டலன்னா வேற ஒருத்தன் கட்டுவான் செல்லம்மா. அவன் ஒழுங்கா கட்டிருவான்."

அது என்ன பேச்சு என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை. போகும்போது சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, "கையை நீட்டு" என்றார் செல்லம்மாக்காவிடம்.

"எதுக்கு? ரவிக்கையா தைக்கப்போறீங்க?"

"நீட்டு, சொல்றேன்."

தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். முணுமுணுத்துக்கொண்டார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒப்பந்தத்தை எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் தண்ணீரை நிறுத்துகிற தாளை நானே எழுதுவதா என்று தயங்கினேன். மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறந்தார். முதலாளி சாய்வுநாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அறுபதடி நீளம். ஆறடி உயரம். முழுக்க சிமெண்ட் பிளாக்கு. இவன் ஓட்டை வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது. எழுதுங்க டீச்சர்: ஒரு பிளாக்குகூட விடக்கூடாது. ஒரு பிளாக்கைக்கூட உடைக்கக்கூடாது."

"நல்லா எழுதுங்க டீச்சரம்மா" என்றார் மேஸ்திரி. "ஒண்ணையும் விடமாட்டேன், ஒண்ணையும் உடைக்கமாட்டேன். சுவரு எந்த இடத்துல நிக்கணும்னு மட்டும் என் இஷ்டத்துக்கு விடுங்க முதலாளி. மண்ணு பாத்துக் கடைக்கால் போடணும்."

முதலாளி கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி விரல் உருட்டினார். மறுநாள் முதலாளி வியாபாரமாகப் பினாங்குக்குக் கப்பலேறினார்.

பிளாக்குகளை மேஸ்திரி முற்றத்திலேயே அச்சில் வார்த்தார். மணலும் சிமெண்டும் சல்லியும் கலந்து இடித்து, அச்சைத் தூக்கினால், நடுவில் இரண்டு பெரிய பொந்துகளோடு ஒரு பிளாக்கு உட்கார்ந்திருக்கும். வெயிலில் வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் தண்ணீர் காட்டினார். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் ஒவ்வொன்றின் தலையிலும் ஊற்றிக்கொண்டு போவார். நம் குழாய்த் தண்ணீரைக் குடித்தே நமக்கு எதிராக வளர்கிறதே என்று பல்லைக் கடித்தோம்.

எல்லா ஊரிலும் கொத்தனார்கள் பிளாக்கை நிற்க வைத்துத்தான் அடுக்குவார்கள். பொந்து மேலும் கீழுமாக இருக்கும். அடுத்த வரிசை அதை மூடிவிடும். வெளியே பார்த்தால் வெறும் சுவர். மேஸ்திரி முதல் பிளாக்கை எடுத்தார். தட்டினார். படுக்க வைத்தார். பொந்து இரண்டும் முற்றத்தை ஒரு கண்ணாலும் எங்கள் வரிசையை மறுகண்ணாலும் பார்த்தன. அடுத்ததையும் படுக்க வைத்தார். செல்லம்மாக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

வரிசைக்கு நாற்பத்தைந்து பிளாக்கு, ஒன்பது வரிசை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணூற்றுப் பத்து ஓட்டைகள்! வாழ்நாள் முழுக்க வேலிக்கு ஒன்று என்று சிக்கனமாக வைத்துவந்த மனிதர், ஒரே சுவரில் கஜானாவைத் திறந்துவிட்டார். பின்னால் பத்தடிக்கு ஒரு தூண் முட்டுக்கொடுத்து நின்றது. சுவரில் ஒரு நூல் கோணல் கிடையாது. மாலை வெயில் அதன் வழியாக விழுந்தபோது எங்கள் வாசலெல்லாம் வெளிச்சக் கட்டங்கள். அவற்றை மிதிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலாளி பினாங்கிலிருந்து திரும்பினார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது என்னடா?"

"பிளாக்குச் சுவரு முதலாளி."

"இதுவா சுவரு? இட்லித் தட்டு மாதிரி இருக்கு!"

"டீச்சரம்மா, அந்தத் தாளைப் படிங்க."

படித்தேன். குரல் சிரிப்பில் உடையாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஒரு பிளாக்கு விட்டிருக்கேனா? எண்ணிப் பாருங்க. ஒண்ணு உடைஞ்சிருக்கா? தட்டிப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

"எவனாவது பிளாக்கைப் படுக்க வைப்பானாடா?"

"ஒரு வாரம் வெயில்ல நின்ன பிளாக்கு முதலாளி. கொஞ்சம் படுத்துக்கிட்டா என்ன குறைஞ்சிருச்சு?"

மறுநாள் காலையில் முதலாளி பல் துலக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அவர் கண்ணெதிரில் சுவருக்குக் கை முளைத்தது. கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று ஓர் ஓட்டை வழியாக வந்து குழாயைத் திருகியது. இன்னொரு கை இன்னொரு ஓட்டை வழியாக வந்து குழாய் வாயில் ரப்பர் டியூபைச் செருகியது. இந்தப் பக்கம் செல்லம்மாக்கா கன்னத்தைப் பிளாக்கில் பதித்து, வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்த உறவைத் தழுவுவதுபோல் சுவரைத் தழுவிக்கொண்டு நின்றார். தோளிலிருந்து விரல் நுனிவரை அளவு மிகச் சரி. முதலாளி பற்பொடியை விழுங்கிவிட்டார்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. பிறகு முதலாளி மண்டோர் என்கிற மேற்பார்வைக்காரர் ஒருவரையும் நாலு ஆட்களையும் பிடித்துவந்தார். அவர்கள் ஒரு பகலில் கீழிருந்து மேலாக எல்லா ஓட்டைகளையும் கலவையால் அடைத்துவிட்டார்கள். உச்சி வரிசைக்கு வந்தபோது சிமெண்ட் தீர்ந்துபோயிற்று. அந்த உயரத்திலிருந்து கை குழாய்க்கு எட்டாதுதானே என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வாசலில் வெளிச்சக் கட்டங்கள் அணைந்தன.

மேஸ்திரி வந்து பார்த்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு எங்கேயோ போய், தோளில் ஒரு கம்பும், அதன் இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னுமாகத் திரும்பிவந்தார். அடுத்த சந்தின் பொதுக்குழாயிலிருந்து எட்டு வீட்டுக்கும் தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார்.

"விடுங்க மேஸ்திரி, நாங்க எடுத்துக்கிறோம்" என்றேன். அறுபது வயது மனிதர்.

"நான் கட்டின சுவரு. அதால தண்ணி நின்னா நான்தான் பொறுப்பு."

"அடைச்சது நீங்க இல்லியே."

"கட்டுனது யாரு?"

கால்வாய் ஓரமாக வந்தால் கால் மைல்தான். அவர் அப்படி வரமாட்டார். ஒவ்வொரு நடையும் முதலாளி வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டுதான். அங்கே வேண்டுமென்றே ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு கை தண்ணீரைச் சிந்துவார். "வாசல் தெளிச்சாச்சு முதலாளி! கோலம் நீங்க போட்டுக்குங்க!" என்று ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ஒன்பது நாள். தோளில் தோல் உரிந்து, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நிறுத்து என்று சொன்ன யாருக்கும் அவர் காது கேட்கவில்லை.

பத்தாம் நாள் மழை பிடித்தது. மார்கழி மழை. வானத்தில் யாரோ ஓட்டையை அடைக்க மறந்துவிட்ட மாதிரி பெய்தது. சந்துத் தண்ணீரெல்லாம் முதலாளி முற்றத்தில் இறங்கியது. இத்தனை வருடமும் அது அப்படியே பின்பக்கம் ஓடி, எங்கள் வீடுகளின் கட்டைக்கால்களுக்கு இடையே நுழைந்து கால்வாயில் விழுந்துவிடும். இப்போது அதன் வழியில் அறுபதடிச் சுவர், ஓட்டையில்லாமல். முற்றம் தொட்டியாயிற்று. காரின் சக்கரம் மறைந்தது. முன்கட்டில் அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்து, மிளகாய் ஊறி, தண்ணீர் சிவந்துகொண்டே ஏறியது.

மேஸ்திரி சுவரின் உச்சியில் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்திருந்தார். மடியில் சுத்தியும் உளியும். தொப்பி ஓட்டை வழியாக மழை ஒழுகி மூக்கு நுனியில் சொட்டியது.

"உடைடா மேஸ்திரி!" என்று முதலாளி முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்.

"டா போட்டா சுத்தி தூக்க வராது முதலாளி."

"சரி, உடைங்க! உடைங்க மேஸ்திரி!"

"ஒரு பிளாக்கையும் உடைக்கக்கூடாதுன்னு தாள்ல இருக்கே. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தாள் கெடக்கட்டும்யா! காரு முழுகுது!"

"தண்ணி அந்தப் பக்கம்தானே போகணும்? அந்தப் பக்கம் எட்டு வீடு இருக்கு. அவங்களைக் கேளுங்க. அவங்க சரின்னா நான் சரி."

முதலாளிக்குச் சுவரைத் தாண்டி எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் காரின் மூக்கின்மேல் செருப்புக்காலோடு ஏறி நின்றார். கீறல் விழுமே என்று அவரே பார்க்கவில்லை. உச்சிக்கு மேலே அவருடைய நனைந்த தலை தெரிந்தது.

"செல்லம்மா…"

செல்லம்மாக்கா வீட்டு வாசலில் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு நின்றார். "யாரு?"

"நான்தான்லா."

"நான்தான்னா?"

"வீட்டுக்காரன்மா."

"என்ன வேணும்?"

"கொஞ்சம் தண்ணி விடணும்."

"அதைத்தானே முதலாளி நாங்க பத்து நாளா உங்ககிட்ட கேக்குறோம்!"

மழையையும் மீறி எட்டு வாசலிலும் சிரிப்பு கேட்டது. மேஸ்திரி சிரிக்கவில்லை. உளியின் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி காரின்மேல் நின்றபடியே பேசினார். எங்கள் பக்கம் ஒரு குழாய் வைத்துக்கொள்ளலாம். இரும்புக் குழாய் சுவருக்குள் நுழைந்து வரலாம். திருகிக் கொள்ள யாரையும் கேட்க வேண்டாம். மழையில் தாள் நனையும் என்று நான் சொன்னேன். "எழுத வேணாம். எட்டுப் பேரு கேட்டாச்சு" என்றார் செல்லம்மாக்கா.

"இப்ப சரிதானா?" என்று மேஸ்திரி எங்களைப் பார்த்துக் கேட்டார். எட்டுப் பேரும் சரி என்றோம். அப்போதுதான் இறங்கினார். தண்ணீருக்குள் உட்கார்ந்து கீழ் வரிசையில் உளியை வைத்தார். மண்டோரின் கலவை அப்பளமாக நொறுங்கியது. ஒன்று, இரண்டு, பத்து. மிளகாய்ச் சிவப்பில் தண்ணீர் சீறிக்கொண்டு எங்கள் வீடுகளுக்கு அடியில் ஓடிக் கால்வாயில் குதித்தது. எங்களுக்கெல்லாம் இரண்டு நாள் தும்மல்.

அடுத்த வாரம் அவரே குழாய் இழுத்தார். புதுப் பித்தளைத் திருகு வைத்தார். அன்று காலை பத்து மணிக்கு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்கு வேலி போட அவரை ஏற்றிப்போக லோரி வந்து நின்றது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அறுபதுகளில் எங்கள் சந்தும் இடிபட்டது. நாங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். இங்கே எட்டு மாடிக்கும் தண்ணீர் தானாக ஏறிவருகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

அந்தக் காலையைத்தான் சொல்ல வந்தேன். "தண்ணி வர்றதைக் கண்ணால பாத்துட்டுத்தான் வண்டி ஏறுவேன். கண்ணால முடியாது, காதால" என்றார். பெரிய திருகு முதலாளி வீட்டு முன்பக்கம், சந்தின் முகப்பில் இருந்தது. அதைத் திறக்க அவர் அங்கே போனார். குடத்தோடு முதலில் வந்தவள் நான். மற்றவர்கள் அடுப்படியில் இருந்தார்கள். குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். சந்தின் அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"டீச்சரம்மா! வருதா?"

குழாய் ஒருமுறை இருமியது. காற்றைத் துப்பியது. துருவின் நிறத்தில் கொஞ்சம், பாலின் நிறத்தில் கொஞ்சம், பிறகு வானத்தின் நிறத்தில் கொட்டோகொட்டென்று கொட்டியது. குடம் நிறைந்தது.

"இன்னும் வரல மேஸ்திரி!" என்றேன்.

"இப்ப?"

குடம் வழிந்து என் பாதங்களின்மேல் ஓடியது. அத்தனை குளிர்ச்சி.

"இல்ல மேஸ்திரி!"

ஹாரன் மறுபடியும் அடித்தது. "இரு தம்பி, ஒரு நிமிசம்" என்று அவர் லோரிக்காரனை அதட்டுவது கேட்டது. பிறகு, இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னும் கொஞ்சம் கவலையோடு, "டீச்சரம்மா, இப்ப வருதா பாருங்க?"

மூன்றாவது தடவையும் நான் பொய்தான் சொன்னேன்.